அப்பா கேட்க மறுத்த பாட்டு

என் அப்பா ஒரு பாட்டைத் தடைசெய்தார். கேட்காமலே தடைசெய்தார்.

ஒரு மனிதனை விசாரிக்காமல் தூக்கில் போட்டால் நாடு கொதிக்கும். பாட்டைத் தூக்கில் போட்டால் ஏனென்று கேட்க நாதியில்லை. நான் கேட்டேன். அதற்குக் கிடைத்த பதில், "நீ இனிமே கெம்பஸுக்குப் போக வேணாம்."

நடந்ததைச் சொல்கிறேன். எது நியாயம் என்று நீங்களே பாருங்கள்.

அப்பா பெயர் கஸ்பர். மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு வாங்க மேலே ஏறினால் வரும் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். தோட்டத்தை நடத்தும் தொரைக்கு அடுத்தபடி தான்தான் என்பது அவருடைய எண்ணம். தொரைக்கு அந்த எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. தோட்டத்து அந்தோனியார் கோயிலில் ஆர்மோனியமும் அவரேதான். ஒவ்வொரு யூன் மாதமும் திருநாளுக்குப் புதுப்பாட்டு ஒன்று கட்டி, மெட்டுப் போட்டு, பாடகர் குழுவுக்குப் பழக்கிப் பாடவைப்பது அவருடைய பரம்பரைச் சொத்து மாதிரி. பாட்டு வருஷா வருஷம் புதுசு. மெட்டு மட்டும் நான் சிறுமியாக முதல் நன்மை வாங்கிய காலத்திலிருந்து ஒன்றேதான். சென்ற வருஷம் சனம் புதுப்பாட்டின் முதல் வரி முடிவதற்குள் பழைய பாட்டின் இரண்டாம் வரியைப் பாடிவிட்டது. பங்குச் சுவாமியார் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, அடுத்த வருஷம் அட்டன் கோயிலிலிருந்து அச்சடித்த பாட்டுப் புத்தகம் எடுத்து வரலாமா என்று மெதுவாகக் கேட்டாராம். அன்றிலிருந்து அப்பா ஆர்மோனியத்தைக் கண்டாலே பல்வலிக்காரன் மாதிரி தாடையைப் பிடித்துக்கொள்வார்.

இது எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கதை. நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், எங்கள் வாயில் கெம்பஸில், முதல் வருஷம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்தேன். கையில் ஒரு பாட்டுக் கெசட். கொழும்புத் தோழி ஒருத்தி பதிந்து தந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்க ஊரறிந்த பாட்டுகள். மறுபக்கத்தின் கடைசியில் ஒரு றெகே பாட்டு. பாடியவன் ஜமைக்காக்காரன். பெயர் என்னவென்று தோழிக்குத் தெரியாது. அவளுக்குத் தந்தவனுக்கும் தெரியாது. ஜமைக்காவிலேயே தெரியுமோ என்னவோ. மலைப்பாதை ஓரத்தில் வாழைக்குலையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவன் மழையில் நிற்கிறான். லொறி வரவில்லை. நேற்றும் வரவில்லை. வரும் என்று பாடுகிறான். அவ்வளவுதான் பாட்டு. வாழைக்குலையைத் தூக்கிவிட்டுக் கொழுந்துக் கூடையை வைத்தால் அது எங்கள் தோட்டம்.

எங்கள் வீட்டில் மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த கெசட் ரேடியோ ஒன்று இருந்தது. வந்த முதல் நாளே போட்டேன். மேளம் தொடங்கி, குரல் இன்னும் வரவில்லை. அதற்குள் அப்பா ஆபீஸிலிருந்து வந்துவிட்டார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே வந்து பொத்தானை அமுக்கினார்.

"என்னா சனியன் இது?"

"பாட்டுப்பா."

"இதுவா பாட்டு? சாவு வீட்டுல தப்படிக்கிறவன் குடிச்சிட்டு அடிக்கிற மாதிரி இருக்கு."

"இன்னும் பாட்டு தொடங்கவே இல்லப்பா. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"அது சோத்துக்கு. பாட்ட யாரும் பானையில போட்டு அவிக்கிறதில்ல."

நியாயமான பதில்தானே? அப்பாவுக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தோனியார் படத்துக்கு முன்னால் போய் நின்றார். இந்தப் பாட்டைத் தன் காதில் விழவிடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். நேர்ந்தது நேர்ந்ததுதான். அதன்பிறகு நான் ரேடியோ பக்கம் கையை நீட்டினாலே குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிடுவார். தொழிலாளர் லயத்துச் சனம், ஐயா இந்த மழையிலும் வேலை பார்க்கிறாரே என்று நெகிழ்ந்ததுதான் மிச்சம்.

அந்த வார முடிவில்தான் அடுத்த குண்டு விழுந்தது. உடப்புசல்லாவையில் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கிளாக்கராக சிறில் என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் தோட்டப் பாடசாலை ஞானரட்ணம் மாஸ்டரின் அக்கா மகன். நல்ல பிள்ளை. குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார். யாரும் கேட்காவிட்டால் பேசவும் மாட்டார். பொம்பிளைப் பிள்ளை படித்தவரை போதும், திருநாள் முடிந்ததும் கல்யாணப் பேச்சை முடித்துவிடலாம் என்றார் அப்பா.

"ஒரு பாட்டுக்காகப் படிப்ப நிப்பாட்டுறதா?"

"பாட்டுக்காக இல்ல. அந்தப் பாட்டக் கேக்கச் சொல்ற புத்திக்காக. அந்தப் புத்திய கெம்பஸ்தான் குடுத்துச்சு."

நான் சும்மா இருப்பேனா? பாட்டு கெட்டதென்று யார் சொன்னது, கேட்டவர்கள் சொல்லட்டும், கேட்காதவர் சொல்வது தீர்ப்பில்லை, வதந்தி என்றேன். அப்பா சிரித்தார். அப்பா சிரித்தால் எனக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

திருநாளன்று பூசை முடிந்து நாலு பெரிய மனிதர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட வருவார்கள். சாப்பாட்டு மேசையில் அந்தப் பாட்டைப் போடுவது. குடும்பத்தில் கேட்கத்தக்க பாட்டு என்று அவர்கள் சொன்னால் நான் பேராதனைக்குப் போகலாம். தகாத பாட்டு என்றால் உடப்புசல்லாவை. சரியா என்றார் அப்பா. நான் யோசிக்காமல் சரி என்றேன். யார் அந்த நாலு பேர் என்று கேட்கத் தோன்றியது அவர் போன பிறகுதான். சுவாமியார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனான ஞானரட்ணம் மாஸ்டர். தோட்டத்துக்குச் சாமான் வாங்க அப்பா தரும் ஓடர் முழுவதையும் எடுக்கும் மஸ்கெலியாக் கடைக்காரர் நஸார் நானா. அப்பாவின் பாடகர் குழுவுக்குத் தலைவியான தோட்டத்து மருத்துவிச்சி பெற்றீசியா அக்கா. வழக்கைத் தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிட்டார் மனிதர்.

அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயர் இசபெல். அந்த வீட்டில் அதிகம் பேசாதவர் அவர் ஒருவர்தான்.

"ஏங்க," என்றார், தலையைத் திருப்பாமல். "கேக்குறதுன்னா எல்லாரும் முழுசாக் கேக்கணும். பாதியில நிப்பாட்டக் கூடாது. நீங்களும் ஒக்காந்து கேக்கணும்."

"நான் நேர்ந்திருக்கேனே."

"ரெண்டு மெழுகுதிரி கூடக் கொளுத்துனாப் போச்சு. அந்தோனியாரு கோவிக்க மாட்டாரு."

அப்பா ஒத்துக்கொண்டார். வெற்றி நிச்சயமானவனுக்கு மெழுகுதிரி பெரிய செலவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. ரேடியோவைச் சாக்கில் சுற்றி, குடையைப் பிடித்துக்கொண்டு, அபிப்பிராயம் திரட்டப் புறப்பட்டேன். சனத்தின் ஆதரவு என் பக்கம் இருக்கிறது என்று காட்டிவிட்டால் பெரிய மனிதர்கள் என்ன செய்ய முடியும்? கெம்பஸில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

முதலில் ஞானரட்ணம் மாஸ்டர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். பாட்டைக் கேட்கக் கண்ணாடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. முடிந்ததும், இவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்றார். வினைச்சொல் ஒன்றுகூட ஒழுங்காக இல்லையாம். இங்கிலீசைக் கொலைசெய்துவிட்டு மேளத்தை அடித்து மறைக்கிறானாம். இங்கிலீசுக்காரன் அவனைக் கரும்புத் தோட்டத்தில் போட்டு அடித்தபோது வினைச்சொல் பார்த்தா அடித்தான் என்று கேட்டேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஒரு வாக்குப் போயிற்று.

மஸ்கெலியா பஜாரில் நஸார் நானா கல்லாவிலிருந்தபடியே கேட்டார். தலையை ஆட்டி ஆட்டித்தான் கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

"நல்ல பாட்டு புள்ள. ஆனா இது கட மூடுற நேரத்துப் பாட்டு. காலையில போட்டா யாவாரம் படுத்துரும். கேக்குறவனுக்கு ஒண்ணும் வாங்கணும்னே தோணாது, சும்மா நிக்கணும்னு தோணும்."

அதுதான் அந்தப் பாட்டின் அரசியலே என்று நான் விளக்கத் தொடங்கினேன். வாங்கவும் விற்கவும் மறுக்கும் மனிதனின் குரல் அது என்றேன். நானாவின் தலை ஆடுவது நின்றது. அப்படியென்றால் கடையில் போடவே கூடாத பாட்டு என்று சொல்லிவிட்டார்.

பெற்றீசியா அக்கா, தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளை மடுவத்துக்கு வெளியே நின்று கேட்டார். வலி விட்டு விட்டு வருகிற மாதிரி இருக்கிறது, நடுவில் மூச்சு விட இடம் இருக்கிறது, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும் என்றார். பாட்டோடு முன் அறிமுகமே இல்லாமல் அதை இவ்வளவு சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆனால் கோயில் குழுவில் அவரைச் சேர்த்தது அப்பா. அதனால் அன்றைக்கு ஐயா என்ன சொல்கிறாரோ அதைத்தான் சொல்வேன், கோவிக்காதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்பா அங்கேயும் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில், கொழுந்தெடுக்கும் வேலாயி கேட்டாள். கூடை நிறைந்து, சேற்றில் சறுக்காமல் இறங்குகிற நடை இப்படித்தான் இருக்கும் என்று நடந்தே காட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் இல்லை, இது புருஷன் குடித்துவிட்டு ஏறுகிற நடை என்றாள். அங்கேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. கங்காணி வந்து இரண்டு கட்சியையும் கலைத்தார்.

விடியற்காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்படிக்கும் செல்லசாமி அண்ணன்தான் கடைசி. மேளக்காரன் மேளக்காரனை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நம்பிப் போனேன். அவர் குந்தியிருந்து, கண்ணை மூடி, மிகவும் பொறுமையாகக் கேட்டார்.

"கைய நல்லாத்தான் போடுறான். ஆனா அடிக்க வேண்டிய எடத்துல அடிக்காம விட்டுட்டு, விட வேண்டிய எடத்துல அடிக்கிறான். இவன் பெரட்டுக்கு அடிச்சான்னா தோட்டமே அரை நாள் சம்பளத்துக்குத்தான் பிந்தி வந்து நிக்கும்."

ஒரே பாட்டு. ஒருவனுக்கு இலக்கணம். ஒருவனுக்கு வியாபாரம். ஒருத்திக்குப் பிரசவம். ஒருத்திக்குப் புருஷன். நல்லது கெட்டது என்று நேராக ஒரு சொல் யாரிடமும் வாங்க முடியவில்லை. வாங்கிய ஒன்றிரண்டையும் வாதாடித் தொலைத்துவிட்டேன் என்று அம்மா பிறகு சொன்னார். அது அம்மாவின் அபிப்பிராயம்.

அம்மாவுக்குப் பாட்டு பிடித்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல். நேரே சொல்லவில்லை. எப்படியிருக்கிறது என்று கேட்டால், "போடு, கேப்போம்" என்பார். அப்பா ஆபீஸுக்கு இறங்கியதும் போடச் சொல்வார். முடிந்ததும் மறுபடியும் போடச் சொல்வார். பாத்திரம் கழுவும் சத்தத்தைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்பார். ஆனால் அப்பாவிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பாத்திரத்தைவிடப் பெரிய சத்தத்தில் அதைச் சொல்லிக் காட்டினேன். அம்மா காதில் வாங்காமல், ஏதோ மாதா பாட்டை முனகிக்கொண்டு வெங்காயம் உரித்தார். முன்பெல்லாம் அவர் முனகி நான் கேட்டதில்லை. அந்த நாட்களில் வெங்காயத்துக்கும் முனகினார், தேங்காய்க்கும் முனகினார். மெல்ல, இழுத்து, பெரிய வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை மாதிரி.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா ஆர்மோனியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சொற்கள் வந்துவிட்டன. "மலையேறி வந்தவரே, மழை பார்த்து நின்றவரே." நல்ல சொற்கள்தான், நானே ஒத்துக்கொள்கிறேன். மெட்டு மட்டும் வரமாட்டேன் என்றது. எந்த வழியாகப் போனாலும் கட்டைகள் பழைய மெட்டிலேயே போய் விழுந்தன. திருநாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. சுவாமியார் இரண்டாம் முறையும் பாட்டுப் புத்தகம் பற்றி விசாரித்து ஆள் அனுப்பியிருந்தார்.

ஒரு பின்னேரம் ஆர்மோனியம் நின்றது. அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நீ முனகுறியே இசபெல், அது என்னா பாட்டு?"

"எது?"

"இப்ப முனகுனது."

"அதுவா?" அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார். "எனக்கு எங்க தெரியும்? நீங்கதாங்க தூக்கத்துல முனகுறீங்க. பக்கத்துல கெடந்து கேட்டுக் கேட்டு என் வாயிலயும் ஒட்டிக்கிருச்சு."

அப்பா அசையவில்லை. "நானா? தூக்கத்துலயா?"

"நாலஞ்சு நாளா. கையெடுத்துக் கும்பிட்ட மாதிரி வச்சிகிட்டு."

அப்பா உள்ளே போனார். அந்தோனியார் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆர்மோனியத்தின் மூச்சுத் திறந்தது. அந்த மெட்டு அப்படியே வந்தது. இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவின் முகத்தில் காட்சி கண்டவரின் களை. புனிதர் கனவில் வந்து மெட்டுக் கொடுத்ததாக மறுநாள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் தேயிலைப் பெக்டரிக்கும் தெரிந்தது. சுவாமியாருக்கு ஆள் போனது, புத்தகம் வேண்டாம் என்று. எனக்கும் அந்த மெட்டை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கோயில் பாட்டு எல்லாமே எங்கேயோ கேட்ட மாதிரிதானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேறு கவலை இருந்தது.

திருநாள் விடிந்தது. மழையும் விடிந்தது. கோயிலில் இடமில்லாமல் சனம் வெளியே தேயிலைக்குள் நின்றது. அப்பா ஆர்மோனியத்தில் கைவைத்தார். பெற்றீசியா அக்கா எடுத்துக் கொடுத்தார். பாடி முடிந்தபோது கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சுவாமியார் பீடத்திலிருந்து இறங்கிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மலைநாட்டில் இப்படி ஒரு பாட்டு நான் கேட்டதில்லை என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாராம். சொன்னாராம் என்றுதான் சொல்ல முடியும். நான் பாட்டைக் கேட்கவேயில்லை. பூசை முழுக்க மனசுக்குள் என் வாதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு மேசையில் மஞ்சள் சோறும் கோழிக்கறியும். கோழி நஸார் நானாவே அறுத்துக் கொண்டுவந்தது, அதனால் அவரும் தயங்காமல் உட்கார்ந்தார். செல்லசாமி அண்ணனையும் அப்பா கூப்பிட்டிருந்தார். மேளம் தெரிந்தவர் சொன்னால் எடுபடும் என்ற கணக்கு. ஆனால் மேசையில் அல்ல, வாசல் வாங்குப் பலகையில்தான் இடம். அதைப் பற்றி எனக்கும் அப்பாவுக்கும் தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

காலையிலேயே புது பெட்டரி போட்டு ரேடியோவைத் தயாராக வைத்திருந்தேன். பனி ஏறியிருக்கிறது, அடுப்படியில் கொஞ்சம் காயட்டும் என்று அம்மா தூக்கிக்கொண்டு போயிருந்தார். கேட்டபோது துடைத்துக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது என் இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம், என் முழு ஆயுசு.

அப்பா தொண்டையைச் செருமினார். கெம்பஸில் பிள்ளைகள் இப்படிப்பட்டதைத்தான் கேட்கிறார்களாம், பெரியவர்கள் கேட்டு மனசில் பட்டதைச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

பொத்தானை அமுக்கினேன்.

மேளம் வந்தது. ஆனால் இது என் பாட்டில்லை. ஒவ்வோர் அடியும் மேட்டில் ஏறும் கிழட்டு லொறி மாதிரி முக்கி முக்கி வந்தது. பெட்டரி செத்துக்கொண்டிருந்தது. புது பெட்டரி எப்படிச் சாகும்?

"நிப்பாட்டுங்க, பெட்டரி சரியில்ல," என்று கையை நீட்டினேன்.

அம்மா என் கையில் கறிச்சட்டியைக் கொடுத்தார். "பாதியில நிப்பாட்டக் கூடாதுன்னு பேச்சு. சாமிக்கு ஒரு துண்டு வையி."

மேளம் இழுபட்டது. மாஸ்டர் அதற்குமேல் பொறுக்கவில்லை. பாடம் பண்ணிவந்தது மறந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். "பேய்ப் பாட்டு," என்றார். "குடும்பத்துல கேக்கக்கூடிய பாட்டே இல்ல. இதக் கேக்குற புள்ளைகளக் காலா காலத்துல ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்."

அப்பா ஆழ்ந்து தலையசைத்தார். உடப்புசல்லாவை மலை என் மேல் சரிந்து வந்தது.

அப்போது குரல் தொடங்கியது. பெட்டரி இழுத்த இழுப்பில் ஜமைக்காக்காரனின் குரல் தடித்து, இறங்கி, அடித்தொண்டைக்குப் போயிருந்தது. மெல்ல, இழுத்து, பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி.

பெற்றீசியா அக்காவின் வாய் தானாகத் திறந்தது. நாள் தவறாமல் பழகிய வாய் அது, அதன்மேல் குற்றமில்லை. "மலையேறி வந்தவரே," என்று கூடவே பாடினார். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. "மழை பார்த்து நின்றவரே." அங்கே அவன் லொறி வரவில்லை என்று பாடினான், இங்கே இவர் அடைக்கலம் தாரும் என்று பாடினார். வாசல் வாங்கில் செல்லசாமி அண்ணன் பலகையில் தாளம் போடத் தொடங்கினார், இந்த முறை எந்த இடமும் தப்பாமல்.

சுவாமியாரின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"கஸ்பர், இது உங்க பாட்டுல்ல?"

அப்பாவின் முகத்தில் இரத்தம் இல்லை. ரேடியோவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அந்தோனியாரைப் பார்த்தார். மூவரில் யாரும் உதவிக்கு வரவில்லை.

"கொரலும் உங்க கொரல் மாதிரியே இருக்கு ஐயா," என்றார் நஸார் நானா. "எப்பப் போய்ப் பாடுனீங்க?"

யோசித்துப் பாருங்கள். இது பேய்ப் பாட்டு என்றால் காலையில் கோயிலில் நடந்தது பேய்ப் பூசை. அந்தோனியார் தந்த மெட்டு என்றால் இது புனிதமான பாட்டு. பேய்ப் பாட்டு என்றதற்கோ அப்பா சற்று முன்னால்தான் தலையசைத்திருக்கிறார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கோழி எலும்பை மிகவும் கவனமாக ஆராய்ந்தார்.

அம்மா சுவாமியாருக்குப் பருப்பு ஊற்றினார். "எனக்கும் இப்பத்தான் சாமி வெளங்குது," என்றார். "அந்தோனியாரு இவருக்கு மட்டும் குடுக்கல. அந்த ஊருலயும் ஒருத்தனுக்கு மழையில நிக்கிறப்ப குடுத்திருக்காரு. நல்லதுன்னா அவரு ஒருத்தருக்கு மட்டுமா குடுப்பாரு?"

மெட்டு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வந்தது என்று வாதாட நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தட்டில் சோற்றைக் குவித்து, மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய ஒரே வாதம் அதுதான். மஞ்சள் சோற்றோடு விழுங்கினேன்.

சுவாமியார் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டைப் பார்த்தார். "அப்ப என்னா சொல்றீங்க கஸ்பர்? கேக்கத் தகுந்த பாட்டா?"

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முழுசாகக் கேட்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்பா முதல் முறையாக முழுசாகக் கேட்டார். கடைசி அடியில் பெட்டரி ஒரேயடியாக நின்றது.

"நல்ல பாட்டு சாமி," என்றார் அப்பா. "குடும்பத்துல எல்லாரும் கேக்கலாம்."

"நானும் முதல்ல மேளத்தத்தான் சொன்னேன்," என்றார் மாஸ்டர். "புள்ள படிக்கட்டும். சிறிலுக்கும் இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல."

என் நியாயம் வென்றது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். விடுமுறை முடிந்து புறப்படும்வரை வீட்டுக்குள் நிமிர்ந்துதான் நடந்தேன். அப்பா வழியனுப்ப வரவில்லை. ஆர்மோனியத்துக்கு எண்ணெய் போட வேண்டியிருந்ததாம். அம்மாதான் மஸ்கெலியா பஸ் நிறுத்தம்வரை வந்தார். பஸ் வருவதற்குள் மடியிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். புது பெட்டரிகள். நான் போட்ட அதே பெட்டரிகள்.

நான் அவற்றைப் பார்த்தேன். அம்மா மழையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. வெங்காயம். தேங்காய். அடுப்படியில் பழைய பெட்டரி மாறிக் காய்ந்த ரேடியோ.

"அப்ப, அப்பா தூக்கத்துல முனகுனது?"

"கொறட்டதான் விட்டாரு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எங்கள் வீட்டிலேயே பாட்டை ரசிக்கத் தெரிந்த ஒரே மனுஷி அம்மாதான் என்றேன். வீட்டில் ஒருத்தருக்காவது அந்தப் பாட்டின் அருமை தெரிந்ததே என்றேன். அடுத்த விடுமுறைக்கு அதே மாதிரி இன்னும் பத்துப் பாட்டாவது பதிந்து கொண்டுவருகிறேன் என்றேன். பஸ் வந்து நின்றது. அம்மா என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"ஐயோ வேணாம் புள்ள," என்றார். "ஒரு மாசமாத் தலவலி. எனக்கு அந்தப் பாட்டு கொஞ்சங்கூடப் புடிக்கல."